பிளக்கைப் பார்க்காமல் பில் போடலாமா?

கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ விடியற்காலையில் கரையேறிய மீன், வெயில் ஏறுவதற்குள் திருக்கழுக்குன்றத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை, நடுவில் ஆள். இந்தச் சுமைக்கு இன்றும் தோதான வண்டி மொபெட்தான். அது உதைக்க உதைக்கக் கிளம்பாமல் நின்றால் ஐஸ் கரையும், மீன் விலை இறங்கும். அந்த அவசரத்தில்தான் தேவையே இல்லாத காயிலும், பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியும் வண்டிக்காரர் தலையில் கட்டப்படுகின்றன.

கடலோர வண்டிகளில் வரும் இக்னிஷன் கோளாறுகளில் பல, பாகம் கெட்டுப்போனதால் வருவதல்ல. உப்பு ஏறியதால் வருவது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளுமே பெரும்பாலும் போதும். ஆனால் சோதித்துப் பார்ப்பதைவிட மாற்றிப் பார்ப்பது பட்டறைக்கு எளிது. செலவு அவர்களுடையது இல்லையே!

சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50-ஐக் கொண்டுவந்தது 1980-ல். இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் என்று பெயர் வாங்கிய வண்டி அது. அந்தக் காலத்து மொபெட்டின் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. பெடலையோ கிக்கரையோ மிதித்தால் மேக்னெட் சுற்றும். அதில் பிறக்கும் கரண்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றும். பிளக் முனையில் இருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை அது தாவும்.

தாவுவதற்குச் சோம்பல்பட்டால்? கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. அலை உடைந்து தெறிக்கும் துளிகள் காற்றோடு வந்து பிளக் கேப்பிலும் வயரிலும் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பு கரண்டைக் கடத்தும். அந்தக் குறுக்குவழி கிடைத்ததும் கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் அடம்பிடித்த வண்டி, பதினொரு மணி வெயிலில் காய்ந்ததும் சமர்த்தாகக் கிளம்புவது இதனால்தான். இருட்டில் உதைத்தால், கேப்பைச் சுற்றி நீலப்பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். அதற்குத் தீர்வு நல்ல தண்ணீரில் நனைத்த துணியும் புது கேப்பும்தான், காயில் இல்லை. வயரின் செம்பு நுனி பச்சை பூத்திருந்தால், அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு கேப்பைத் திரும்பத் திருகுவது பழைய மெக்கானிக்குகளின் கைவேலை.

இன்னொரு திருடன் சாவித் துவாரத்தில் ஒளிந்திருப்பான். பேட்டரி இல்லாத மேக்னெட் வண்டியில், சாவியைத் திருப்புவதால் பொறிக்குக் கரண்ட் போவதில்லை. அணைத்தால்தான் ஒரு வயர் எர்த்தாகி பொறியை நிறுத்தும். சுவிட்சுக்குள் உப்புநீர் புகுந்துவிட்டால், சாவி எங்கே இருந்தாலும் அந்த வயர் எர்த்தாகவே கிடக்கும். மேக்னெட் நன்றாக இருக்கும், காயில் நன்றாக இருக்கும், பொறி மட்டும் வராது. அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். (கிளம்பிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.) இதைச் செய்யாமல் மேக்னெட்டைப் பிரித்துப் போடுவது அநியாயம்.

எல்லாப் பழியையும் உப்பின் மேல் போடவும் முடியாது. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியதும் நின்று, அரை மணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி கிளம்பும் வண்டியில் காயிலோ, பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்சரோ உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். பிளக் கரி அப்பி ஈரமாக வந்தால் கார்புரேட்டரையும் பெட்ரோலில் கலக்கும் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அதன் மரையை சிலிண்டர் ஹெட்டில் ஒட்டவைத்து, பெட்ரோல் ஆவி வரும் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து உதைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. மற்ற சந்தேகங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த அறிவெல்லாம் இப்போது பாதிக்குத்தான் உதவும். 2015-ல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் நான்கு ஸ்ட்ரோக்காக வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 விதி வந்தபோது, சிறிய வண்டிகளிலும் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்ஷன் பிடித்தது. புகை குறைந்தது, நல்லது. ஆனால் உப்பு குறையவில்லை. முன்பு இரண்டு மூன்று கனெக்டர் இருந்த இடத்தில் இன்று சென்சார்களோடு ஒரு கூட்டமே இருக்கிறது. ஒரு முனை பச்சை பூத்தாலும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அது என்ன சொல்கிறது என்று படிக்க ஸ்கேனர் வேண்டும். புதுப்பட்டினத்தின் ஒற்றைக் கதவுப் பட்டறையில் அது இருக்குமா?

பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அதில் அடக்கம். ஆனால் தளத்தில் பெயரைப் போடுவதோடு வண்டி நிறுவனங்களின் கடமை முடிந்துவிடாது. வயரிங் படமும், எந்த முனையில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்ற அளவும் தமிழில் கிடைக்க வேண்டும்; கோளாறு எண்களின் பொருளையும் வெளிப்படையாகத் தர வேண்டும். இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் அப்போதுதான் பட்டறைக்குப் பயன்படும். டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். காயிலின் ஓம் அளவை சீட்டுக்கு அடியில் ஒட்டி அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்?