செவியை ஏய்க்கும் கணக்கு

அளவீடு எப்பக்கமும் சாராதது என்னும் நம்பிக்கை நமது விஞ்ஞானபீடங்களில் ஏறத்தாழ ஒரு சமயக் கோட்பாடாகவே நிலைபெற்றுள்ளது. தொழிற்சாலை இரைச்சலை அளக்கும் முறையை ஆராயப் புகுவோரிடம் இந்நம்பிக்கை நெடுநேரம் தங்காது.

ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளி ஒருவர் நாள்தோறும் ஒரு மணித்தியாலம் 100 டெசிபெல் இரைச்சலிலும், எஞ்சிய ஏழு மணித்தியாலம் 85 டெசிபெல் இரைச்சலிலும் நிற்பதாகக் கொள்வோம். (இங்குக் கூறும் டெசிபெல் யாவும் ஏ-நிறையேற்றம் பெற்றவை, அந்நிறையேற்றத்தின் மீதான வழக்கு வேறு.) அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகத்தின் சட்டவரம்புப்படி அவர் ஏற்ற இரைச்சற் சுமை, அனுமதிக்கப்பட்டதில் 50 சதவீதமே. அதே அரசின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் 1998இல் வெளியிட்ட விதப்புரைப்படி கணக்கிட்டால் அது 487 சதவீதத்தையும் தாண்டும். மனிதர் ஒருவரே, இயந்திரமும் அதுவே. மாறியது கணக்கு மட்டுந்தான்.

டெசிபெல் மடக்கை அளவையாகும். மூன்று டெசிபெல் கூடினால் ஒலிச்சக்தி இரட்டிக்கும். ஆதலின் அனுமதிக்கும் நேரமும் பாதியாதல் வேண்டும். அமெரிக்கச் சட்டமோ ஐந்து டெசிபெல் கூடினாற்றான் நேரத்தைப் பாதியாக்குகிறது: 90இல் எட்டு மணித்தியாலம், 95இல் நான்கு, 100இல் இரண்டு. இவ்வேணியில் ஏறிச் சென்று 115 டெசிபெலில் கால் மணித்தியாலம் நிற்பவரின் செவி, 90இல் எட்டு மணித்தியாலம் நிற்பவரது செவி பெறுவதிற் சுமார் பத்து மடங்கு சக்தியைப் பெறுகிறது. சட்டத்தின் கண்களுக்கு இருவரும் சமம்! மேலும், 90க்குக் குறைந்த இரைச்சலை அவ்வரம்புக் கணக்குச் சேர்ப்பதேயில்லை. மேற்கண்ட தொழிலாளியின் ஏழு மணித்தியாலம் மறைந்தது இவ்வாறே.

இரைச்சல் இடையிடையே ஓய்வதால் செவி தேறுகின்றது, ஆகவே ஐந்து டெசிபெல் சலுகை தகும் என்பர். அமைதியான இடைவெளி கிடைக்குமிடத்து இதில் உண்மையுண்டு. ஆனால் இடைவிடாது முழங்கும் தறிக்கூடத்துக்கும் அதே சலுகையை வழங்குவது எந்த நியாயம்?

நாற்பதாண்டுத் தொழில்வாழ்வில் 90 டெசிபெல் இரைச்சல் நூற்றுக்கு இருபத்தைவரையும், 85 டெசிபெல் எண்மரையும் செவிப்புலன் குன்றச் செய்யும் என்பது மேற்சொன்ன நிறுவகத்தின் மதிப்பீடு. வரம்பை 85க்கு இறக்கினால் முதலாளிமார்க்கு நேரும் செலவு 1970களின் விவாதங்களில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1983இல் 85 டெசிபெல் முதற்கொண்டு செவிப் பரிசோதனையும் காப்புச் சாதனமும் கட்டாயமாயின. 90 என்ற வரம்போ அசையவில்லை. 2003ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை சக்திக் கணக்கையே ஏற்று, செவிக்காப்பின் பயனையும் கருத்திற்கொண்டு 87ஐ வரம்பாக்கியது. அத்திலாந்திக்கைக் கடந்ததும் மனிதச் செவியின் இயல்பு மாறிவிடுகிறதா என்ன?

சுமைமானியைக் கையிலெடுக்கும் நம் மாணவர் எவரும், அது எந்த வரம்புக்கும், எந்தப் பாதியாக்கும் இடைவெளிக்கும், எந்தத் தொடக்க மட்டத்துக்கும் அமைக்கப்பட்டதென முதலிற் பார்த்தல் வேண்டும். இம்மூன்று எண்களுமின்றிச் சதவீதத்தை மாத்திரம் தாங்கி வரும் ஆய்வறிக்கையை விரிவுரையாளர் புள்ளியிடாமலே திருப்பி அனுப்புவாராக.