மீன் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் தண்ணீர்: முழுசா வேண்டாம், பாதி போதும்!

வண்ண மீன் வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் மீனை வெறுத்து நிறுத்துவதில்லை. வாளி தூக்கி அலுத்துப்போய்த்தான் நிறுத்துகிறார்கள். வாரா வாரம் டியூபை வாயால் உறிஞ்சி, அழுக்குத் தண்ணியைக் குடித்து, தரையெல்லாம் ஈரமாக்கி, திட்டு வாங்கி... ஒரு வாரம் தள்ளிப்போகும், அப்புறம் ஒரு மாதம். பிறகு ஒருநாள் காலையில் மீன் மல்லாந்து கிடக்கும்.

அதற்குத்தான் ஆட்டோமேட்டிக் வாட்டர் சேஞ்ச் என்று ஒரு ஏற்பாடு. மாடித் தொட்டி பைப்பிலிருந்து ஒரு லைன், நடுவில் டைமரோடு ஒரு சோலனாய்டு வால்வு, மீன் தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை. தினமும் கொஞ்சம் புதுத் தண்ணீர் உள்ளே வரும், அதே அளவு பழசு வெளியே வழியும். கேட்கவே ஜோராக இருக்கிறது. ஆனால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யக்கூடாது. காரணம் இரண்டு.

முதல் காரணம், வால்வு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது. ஆர்.ஓ. மெஷினில் வரும் 24 வோல்ட் வால்வு நல்ல சாமான்தான். ஆனால் அது சுத்தமான தண்ணிக்காகச் செய்தது. போர் தண்ணீரில் வரும் மணலும் உப்புப் படிவும் ஒரு துளி சிக்கினால் போதும், வால்வு மூடாது. தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சிப்காட் பக்கம் ஒரே காம்பவுண்டில் ஏழெட்டு குடித்தனம், ஒரே மாடித் தொட்டி, ஹவுஸ் ஓனர் காலையும் மாலையும் மோட்டார் போட்டால்தான் தண்ணீர். நைட் ஷிஃப்டுக்குப் போனவர் ரூமில் வால்வு மாட்டிக்கொண்டால் விடியும்போது எட்டு வீட்டுக்கும் தண்ணீர் இருக்காது. மீனுக்கான செலவை பக்கத்து வீட்டு அக்கா தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இரண்டாவது காரணம் இந்த மாவட்டத்தின் தண்ணீர்க் கணக்கு. சென்னையின் குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் இங்கேதான் இருக்கின்றன. ஆந்திராவின் கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரும் ஊத்துக்கோட்டை அருகே நுழைந்து பூண்டிக்குத்தான் போகிறது. இவை போதாமல் 2020 நவம்பரில் கும்மிடிப்பூண்டி பக்கம் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அந்த மீஞ்சூர் பக்கம்தான் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சி கடல் தண்ணீர் உள்ளே புகுந்த கதையும் நடந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் சென்னைக்குப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் அளவில்லாமல் ஓடும் பைப்பை மீன் தொட்டிக்குக் கொடுப்பது தப்பு.

அப்போ வாளிதான் கதியா? இல்லை. பாதி ஆட்டோமேட்டிக் போதும்.

பைப்பை நேராகத் தொட்டிக்குக் கொடுக்காமல் நடுவில் 30 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வையுங்கள். மீன் தொட்டியைவிட இரண்டு மூன்று அடி உயரத்தில், உறுதியான ஸ்டாண்டில். அடிப்பக்கம் சின்ன ஓட்டை போட்டு, மெடிக்கல் ஷாப்பில் புதுசாக வாங்கிய குளுக்கோஸ் செட்டின் கூர்முனையைச் சொருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். முனையில் ஊசி இருந்தால் பத்திரமாகக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். டிரம் மூடி இறுக்கமாக இருக்கக்கூடாது, காற்று போனால்தான் தண்ணீர் இறங்கும். கரண்ட் வேண்டாம், டைமர் வேண்டாம், வால்வும் வேண்டாம்.

சாதாரண குளுக்கோஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நாளைக்கு 86,400 விநாடி. விநாடிக்கு ஒரு சொட்டு என்று உருளையைத் திருகி வைத்தால் ஒரு நாளைக்கு 4.3 லிட்டர், ஏழு நாளைக்கு 30 லிட்டர். டிரம் சரியாக ஒரு வாரம் வரும்! (டிரம்மில் மட்டம் இறங்க இறங்க சொட்டு கொஞ்சம் மெதுவாகும். வாரத்தின் நடுவில் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.) சொட்டுநீர்ப் பாசன டிரிப்பர் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாக்கெட்டில் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருப்பது பைப்பில் நல்ல பிரஷர் இருக்கும்போது. மூன்றடி உயர டிரம்மில் அந்த அளவு வராது.

வெளியே போகும் வழி இன்னும் முக்கியம். புதுத் தொட்டி செய்யச் சொல்லும்போதே மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஓட்டை போட்டு வாங்கி, டேங்க் நிப்பிள் மாட்டி, குட்டி மீன் போகாதபடி வலை கட்டிவிடலாம். டெம்பர்டு கண்ணாடியில் மட்டும் துளை போடக்கூடாது, தூள் தூளாகிவிடும். இந்த ஓட்டை அடைத்துக்கொண்டால்கூட அதிகபட்சம் 30 லிட்டர்தான் தரையில். மாடித் தொட்டி முழுசும் இல்லை. டிரம்மின் பெரிய லாபம் இதுதான். எவ்வளவு நஷ்டம் வரலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் லிமிடெட் லயபிலிட்டி :-)

இன்னொரு லாபம், டிரம்மில் திறந்து நிற்கும் தண்ணீரில் குளோரின் தானே குறைந்துவிடும். சொட்டாக வருவதால் தொட்டியின் வெப்பமும் திடீரென்று மாறாது.

இனி இந்த முறையைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு. 100 லிட்டர் தொட்டியில் நைட்ரேட் தினமும் 2 பிபிஎம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை 30 லிட்டர் மாற்றினால் அது 47-க்கு ஏறும், 33-க்கு இறங்கும், மறுபடி ஏறும். அதே 30 லிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 46 பக்கத்தில் அப்படியே நிற்கும். அதாவது சொட்டுமுறையால் தண்ணீர் அதிகம் சுத்தமாவதில்லை, சராசரியில் கொஞ்சம் மோசம்தான்! வெளியே வழிவதில் பழசோடு சேர்ந்து புதுசும் போகிறதே. கிடைப்பது நிலைத்தன்மை மட்டும். அளவு குறைய வேண்டுமென்றால் மீனையும் தீனியையும் குறைப்பதுதான் வழி. அடியில் படியும் கழிவையும் சொட்டு எடுக்காது, மாதம் ஒன்றிரண்டு முறை உறிஞ்சித்தான் ஆகவேண்டும்.

உப்புத் தண்ணீர் பகுதிக்கு ஆறுதலான கணக்கும் உண்டு. ஆவியாவதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர்தான் போகும், உப்பு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். தினம் 4.3 லிட்டர் விட்டு, 1 லிட்டர் ஆவியாகி, 3.3 லிட்டர் வழிந்தால் 800 டிடிஎஸ் தண்ணீர் சுமார் 1,040-ல் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாது. கப்பி, மோலி தாராளமாக வாழும். மெல்லிய தண்ணீர் கேட்கும் மீனை மீஞ்சூர் போர் தண்ணீரில் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்லக்கூடாது.

வழியும் தண்ணீர் சாக்கடைக்குப் போகவே கூடாது. வருஷத்துக்கு 1,570 லிட்டருக்கு மேல் உள்ளே போகிறது, 20 லிட்டர் கேனில் சொன்னால் 79 கேன். வழிவதில் இருப்பது செடிக்கு உரம். கறிவேப்பிலை, கீரைப் பாத்தி, வாழை எதற்கு வேண்டுமானாலும் விடலாம். தொட்டியில் மருந்தோ கல்லுப்போ போட்ட வாரம் மட்டும் செடிக்கு வேண்டாம்.

"வாரம் ஒருமுறை டிரம் நிரப்பணும்னா அது என்ன ஆட்டோமேட்டிக்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த வாரம் ஒருமுறை வேண்டும் என்பதுதான் இங்கே வாதமே. எல்லாம் தானாக நடந்தால் யாரும் தொட்டியைப் பார்க்க மாட்டார்கள். துடுப்பு மடங்கியிருப்பது, மேலே வந்து மூச்சு வாங்குவது, ஒன்று மட்டும் மூலையில் ஒதுங்குவது, இதையெல்லாம் எந்த டைமரும் சொல்லாது. கொளத்தூரில் சிமெண்ட் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துப் பிழைப்பவர்கள் மீனைக் காப்பாற்றுவது தினமும் பார்க்கிற கண்ணால்தான். பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால்? டிரம் ஏழு நாள் வரும், மீதி மூன்று நாள் சொட்டு இல்லாததால் நல்ல தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

வாளி தூக்கும் முதுகுவலியை டிரம் எடுத்துக்கொள்ளட்டும். பார்க்கிற வேலை வளர்க்கிறவரிடமே இருக்கட்டும்.