இருபத்திரண்டா, இருபத்து நாலா? - ஒரு கிட்டார் புரளி

எலக்ட்ரிக் கிட்டாருக்கு 24 ஃப்ரெட் இருந்தால் நாதம் கெட்டுவிடும், 22 ஃப்ரெட்தான் 'அசல்' கிட்டார் என்று ரொம்ப நாளாக ஒரு ஜல்லி அடிக்கப்படுகிறது. கடைக்காரர் சொல்கிறார், வாத்தியார் சொல்கிறார், வாத்தியாரிடம் மூன்று மாதம் படித்த பையனும் சொல்கிறான். வீணையும் வயலினும் கேட்டு வளர்ந்துவிட்டு, பிள்ளை எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்றதும் முழிக்கிறோமே, நம்மைப் போன்ற அப்பா அம்மாக்களிடம்தான் இது நன்றாக விலைபோகிறது. ஏன் என்று கேட்டால் ஹார்மோனிக், கணு என்று பௌதிகம் வேறு பேசுகிறார்கள். அங்கேதான் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு திருநெல்வேலிக்காரர். நம்மைப் போலப் பொட்டி தட்டுகிறவர்தான். மகளுக்கு முப்பதாயிரம் ரூபாயில் தவணை போட்டு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். தவணை முடியவில்லை. புதிதாகச் சேர்ந்த வகுப்பில் வாத்தியார் சொல்லிவிட்டாராம்: "இதில் நெக் பிக்கப் தப்பான இடத்தில் இருக்கிறது. ப்ளூஸ் வராது. 22 ஃப்ரெட்டாக மாற்றிவிடுங்கள்." பழையதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள ஆளும் அவரே வைத்திருக்கிறார். அந்தப் பெண் இப்போது கிட்டாரைத் தொடவே கூச்சப்படுகிறாள், அதிலிருந்து வருகிற சத்தமே மட்டம் என்று.

முதலில் ஃப்ரெட்டைப் பார்ப்போம். ஃப்ரெட் என்பது வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, அதுதான். நம் வீணைக்கும் 24 மெட்டுதான், ஒரு தந்தியில் சரியாக இரண்டு ஸ்தாயி. அதனால் வீணையின் நாதம் கெட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'வீணைக்குப் பிக்கப் கிடையாதே, அதையும் இதையும் எப்படி ஒப்பிடலாம்' என்பீர்கள். அதே! விஷயம் பிக்கப்பில் இருக்கிறது, ஃப்ரெட் எண்ணிக்கையில் இல்லை.

இதற்குச் சாட்சி ஃபெண்டர் கம்பெனியே. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தபோது அதற்கு 21 ஃப்ரெட். 1980களின் பிற்பாதியில் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் அதை 22 ஆக்கினார்கள். ஃப்ரெட் பலகையை மட்டும் கொஞ்சம் நீட்டி உடம்பின் மேல் தொங்கவிட்டார்கள், அவ்வளவுதான். பிக்கப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஃப்ரெட் ஒன்று கூடியும் பிக்கப் கேட்பது மாறவில்லை.

24க்குப் போகும்போதுதான் இடம் போதாமல் போகிறது. 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கிட்டாரில் 24ஆவது ஃப்ரெட் பிரிட்ஜிலிருந்து 162 மி.மீ. தூரத்தில், அதாவது சரியாகக் கால் பங்கில் வரும். ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். அங்கே ஃப்ரெட்டே வந்துவிட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தாக வேண்டும். ஹம்பக்கர் என்றால் அதன் நடுப்பகுதி சுமார் 135 மி.மீ.க்கு வந்துவிடும். இதுவரை வாத்தியார் சொல்வது சரி. இதற்கு மேல்தான் கதை.

'கால் பங்கில் ஹார்மோனிக் கணு இருக்கிறது, அதன் அடியில் பிக்கப் இருப்பதால்தான் அந்த இனிமை' என்பது கதை. அய்யா, கணு என்றால் என்ன? அந்த ஹார்மோனிக்கில் தந்தி ஆடாமல் நிற்கும் இடம். பிக்கப்புக்குத் தெரிந்ததெல்லாம் தன் தலைக்கு மேலே தந்தி எவ்வளவு ஆடுகிறது என்பதுதான். ஆடாத இடத்தில் எதைக் கேட்கும்? கால் பங்கில் வைத்த பிக்கப்புக்கு நான்காவது ஹார்மோனிக் அநேகமாகக் காதில் விழாது, எட்டாவதும் அப்படியே. இனிமை ஊறும் இடம் என்று இவர்கள் சொல்வது, அந்த ஹார்மோனிக்கைப் பொறுத்தவரை செவிட்டு இடம்.

(இதே விதிதான் மீட்டும் இடத்துக்கும். எந்த ஹார்மோனிக்கின் கணுவில் மீட்டுகிறோமோ அது எழக்கூடாது. கல்கத்தாவில் இருந்தபோது சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து, அவற்றின் குதிரை அமைப்பால் இந்த விதி அங்கே பொய்க்கிறது என்று 1921இல் எழுதினார். பிழைக்கப் போன ஊரில் வேலைக்கு நடுவே நம் வீட்டு வாத்தியத்தைப் பற்றி யோசித்த மனுஷர்! கிட்டாரில் அந்தக் குதிரை இல்லை, விதி ஒழுங்காகவே வேலை செய்கிறது.)

இன்னொன்று. கணு கால் பங்கில் இருப்பது விரலே வைக்காமல் மீட்டும்போது மட்டும்தான். முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்த மறுகணமே தந்தி சுருங்கிவிட்டது, கணுக்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால், 1 முதல் 12 வரை 5ஆவது ஃப்ரெட்டில் மூன்றாம் ஹார்மோனிக்கின் கணுவும் 12ஆவதில் இரண்டாம் ஹார்மோனிக்கின் கணுவும் அந்தப் பிக்கப்பின் மேல் வந்து விழுகின்றன. மற்ற ஃப்ரெட்டுகளில் கீழ் ஹார்மோனிக் எதுவும் சரியாக விழுவதில்லை. அப்படியானால் 5இலும் 12இலும் மட்டும் தேன், மற்றதில் எல்லாம் வேப்பெண்ணெய் என்றல்லவா இருக்க வேண்டும்? யாருக்காவது அப்படிக் கேட்கிறதா?

லெஸ் பாலைச் சொல்வார்கள், 22 ஃப்ரெட்டின் குலதெய்வம். அதன் நெக் ஹம்பக்கரில் இரண்டு காயில், இடைவெளி சுமார் 18 மி.மீ. கழுத்துப் பக்கத்துக் காயில் மட்டும்தான் அந்தக் கால் பங்கு இடத்துக்கு அருகில் இருக்கிறது. மற்றது தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறது. குலதெய்வமே பாதிதான் கோயிலுக்குள் இருக்கிறது :-)

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைத்தால் நானும் ஜல்லிதான் அடிக்கிறேன் என்றாகிவிடும். பிக்கப் இருக்கும் இடத்தில் ஒரு ஃப்ரெட் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் விரல் வைத்தால் என்ன ஸ்வரம் வருமோ, அந்த அதிர்வெண்ணில் பிக்கப்புக்குக் காது கேட்காது, அதன் மடங்குகளிலும் கேட்காது. நீங்கள் எந்த ஃப்ரெட்டில் வாசித்தாலும் ஒரு தந்திக்கு இந்த ஓட்டை இடம் மாறுவதில்லை. பிக்கப் இடத்துக்கென்று ஒரு குணம் இருப்பது இதனால்தான். அடித் தந்திக்கு, 162 மி.மீ.யில் ஓட்டை 330 ஹெர்ட்ஸில், 135 மி.மீ.யில் 396 ஹெர்ட்ஸ் வாக்கில். மூன்று அரை ஸ்வரம் தள்ளிப்போகிறது. கூடவே, விரல் வைக்காத அடித் தந்தியில் மூல ஸ்வரத்தின் பலம் சுமார் 1.3 டெசிபெல் குறைகிறது. 12ஆவது ஃப்ரெட்டில் வாசித்தால் இந்தக் குறைவு 0.3 டெசிபெல்தான். ஆனால் அங்கே 162 மி.மீ. பிக்கப்புக்குக் கேட்காத இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் இதற்குக் கேட்கின்றன. அதனால் கொஞ்சம் பளிச்சென்று, கொஞ்சம் உருட்டல் குறைவாக இருக்கும்.

இதைக் குறை என்பதும் நிறை என்பதும் வாசிப்பவர் காது. டிஸ்டார்ஷன் போட்டு வேகமாக வாசிப்பவர்கள் இந்தத் தெளிவையே விரும்பி வாங்குகிறார்கள். கார்லோஸ் சந்தானாவைப் பாருங்கள். அவர் பெயரில் பி.ஆர்.எஸ். கம்பெனி செய்த கிட்டாருக்கு 24 ஃப்ரெட். 1999இல் 'சூப்பர்நேச்சுரல்' கேசட் நம் கடைகளில் எல்லாம் கிடைத்ததே, அந்த மனுஷரின் நாதம் மெலிந்துபோனது என்று யாராவது சொன்னார்களா? வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அது கையும் ஆம்பும் சேர்ந்து செய்கிற வேலை.

அந்தத் திருநெல்வேலிக்காரரிடம் நான் சொன்னது இதுதான். டோன் நாபை இரண்டு மூன்று எண் குறைக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ் பக்கம் மீட்டுகிற கையை ஃப்ரெட் பலகை முடிகிற இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிக்கப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூட்ரைவரால் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இதற்கெல்லாம் காசு கிடையாது. மீட்டும் இடத்தை நாலு விரல் அளவு நகர்த்தினால் வருகிற மாற்றம், அந்த 27 மி.மீ. பிக்கப் நகர்வால் வருவதைவிடப் பெரிது.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஜாஸ் பக்கம் போகிறது, நெக் பிக்கப்பை விட்டு இறங்கவே போவதில்லை என்றால் 22 எடுங்கள், தவறில்லை. மேல் ஸ்தாயியில் ஓடி விளையாடுகிற ஆசை இருந்தால் 24. இரண்டையும் கடையில் ஒரே ஆம்பில், ஒரே வால்யூமில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கும்போது நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.