ஆற்றின் பொறுமைக்கும் அளவுண்டு

‘ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும்’ என்று கூறி, ஊர்ச் சாக்கடையையெல்லாம் ஆற்றில் விடுவதற்கு நியாயம் கற்பிப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கூறுவது முழுப் பொய்யன்று. அதனாலேயே அதை மறுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றில் விழும் கழிவை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் உண்டு சிதைக்கின்றன. அவ்வேலைக்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அவை செலவழிக்கின்றன. செலவானதைக் காற்றும், பகலில் நீர்த்தாவரங்களும் மீண்டும் தருகின்றன. ஆகவே கழிவு கலந்த இடத்துக்குக் கீழே பிராணவாயு படிப்படியாகக் குறைந்து, தொலைவு சென்றபின் மீண்டும் உயர்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்டிரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர் 1925-ல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினர்.

கணக்கு என்றால் அதற்கு எல்லையும் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடை நீரோ ஐந்து நாளில் 200 மில்லிகிராம் அளவுக்குக் கேட்கும். அதாவது, ஏறத்தாழ 27 லிட்டர் நன்னீரின் இருப்பு முழுவதும் அந்த ஒரு லிட்டருக்கே செலவாகிவிடும். அதன்பின் காற்று தரும் வரவை நம்பியே ஆறு பிழைக்கவேண்டும். 1912-ல் இங்கிலாந்தின் அரச ஆணையம் சுத்திகரித்த கழிவுநீருக்கே அளவு விதித்தபோது, அதனுடன் குறைந்தது எட்டு மடங்கு ஆற்றுநீர் கலக்கும் என்று கொண்டே விதித்தது.

சென்னைக் கூவத்தில் அந்த எட்டு மடங்கு எங்கே? திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிநீராய்ப் பிறக்கும் அவ்வாற்றின் நீரில் ஒரு பகுதி, வழியிலேயே கொரட்டூர் அணைக்கட்டில் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. மழையற்ற மாதங்களில் நகருக்குள் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீரே. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அதுவும் ஓடுவதில்லை. ஓடாத சாக்கடைக்கு ஓடும் ஆற்றின் பெயரால் மன்னிப்பு வழங்குவது என்ன நியாயம்? பிராணவாயு தீர்ந்தபின் வேறு வகை நுண்ணுயிர்கள் அவ்வேலையை ஏற்கின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றத்துக்கே பாலங்களின்மேல் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

‘பெருவெள்ளம் வந்து கழுவிவிடும்’ என்பாரும் உளர். 2015-ல் பெருவெள்ளம் வந்தது. வடிந்தபின், கழிவுநீர்க் குழாய்கள் நின்ற இடத்திலேயே நின்றன; கழிவும் திரும்பிற்று.

லண்டனின் தேம்ஸ் ஆறு உயிரற்றதென 1957-ல் அறிவிக்கப்பட்டது. 1974-ல் அங்கே சால்மன் மீன் காணப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆறு புதிய ஆற்றல் எதையும் பெற்றுவிடவில்லை. மனிதர் சுத்திகரிப்பு நிலையங்களைச் செப்பனிட்டு அதன் சுமையைக் குறைத்தனர். ஆறு தன் பங்கைச் செய்தது.

நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய் முடிகிறது, அங்கே சுத்திகரிப்பு நடைபெறுகிறதா, கோடையில் ஆற்றுக்கு நன்னீர் எவ்வளவு விடப்படுகிறது என்னும் கேள்விகளை நகராட்சியிடம் கேட்போம். முதற்கேள்வியை நம்மிடமும் கேட்போம். விடை கிடைக்கும்வரை, ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.