பிளைட் சிமுலேட்டர்: நிலத்தை நாமே அமைப்போம்

பிளைட் சிமுலேட்டர் கேம்களுக்கு நாமே நிலப்பரப்பு தயாரிக்கும் வேலை இனி தேவையில்லை என்று பலரும் சொல்கிறார்கள். 2020 ஆகஸ்ட்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், பிங் மேப்ஸ் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் காட்டுகிறது. இதற்கான டேட்டா சர்வர்களில் இருக்கிறது. நாம் பறக்கும் பகுதி மட்டும் இண்டர்நெட் வழியே நம் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இப்படி எல்லாம் தயாராகக் கிடைக்கும்போது மலையையும் பள்ளத்தாக்கையும் நாம் ஏன் உருவாக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு சிறு பகுதியையாவது உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

முதலில், தானியங்கி முறையில் உருவாகும் நிலம் தவறு செய்யும். அந்த கேம் வெளிவந்த சில நாட்களில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வானைத் தொடும் ஒற்றைக் கோபுரம் ஒன்று நிற்பதைப் பயனாளர்கள் கண்டார்கள். உண்மையில் அந்த இடத்தில் இருப்பது சாதாரணக் கட்டடம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ மாடிகளின் எண்ணிக்கையை 2 என்பதற்குப் பதில் 212 என்று டைப் செய்துவிட்டார்கள். மேப்பில் அது பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் திருத்துவதற்கு முன் எடுத்த டேட்டா கேமுக்குள் போய்விட்டது. நேரில் பார்த்த ஒருவர் உருவாக்கியிருந்தால் இப்படி நேர்ந்திருக்காது.

இரண்டாவது, உயரம். அழகான சாட்டிலைட் படத்தை விரித்துவிட்டால் நிலம் தயாராகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பைலட்டுக்குப் படத்தைவிட உயரம்தான் முக்கியம். நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரன்வேயின் நீளம் 527 மீட்டர்தான். சரிவு 11.7 சதவீதம். அதாவது ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஏறத்தாழ 60 மீட்டர், இருபது மாடி உயர வித்தியாசம். இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகத்தைக் குறைக்கிறது. கிளம்பும் விமானம் சரிவில் ஓடி வேகம் பெறுகிறது. 2006ல் வந்த பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் கேமில் ரன்வேக்கள் தட்டையாகத்தான் இருக்கும். அதில் லுக்லாவில் இறங்குவதும் வேறு ஏதோ குட்டி ரன்வேயில் இறங்குவதும் ஒன்றுதான். 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் மைக்ரோசாப்ட் லுக்லாவைத் தானியங்கி முறைக்கு விட்டுவிடாமல் கையால்தான் அமைத்தது.

இந்த உயர டேட்டா நமக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் உயரங்களை அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் இந்த டேட்டா, ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டங்களாகப் பிரித்துத் தரப்படுகிறது. என்27இ086 என்ற ஒரே கட்டத்தில் லுக்லாவும் இருக்கிறது, எவரெஸ்ட் சிகரமும் இருக்கிறது. முதலில் அமெரிக்காவுக்கு வெளியே சுமார் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் தந்தார்கள். அந்தக் கணக்கில் லுக்லா ரன்வேயின் நீளத்திற்கு ஆறு புள்ளிகள்தான் கிடைக்கும். 30 மீட்டர் டேட்டாவை உலகம் முழுவதற்கும் வெளியிடும் அறிவிப்பு 2014ல் வந்தது. இப்போது பதினேழு, பதினெட்டு புள்ளிகள் கிடைக்கும்.

இதிலும் குறை உண்டு. செங்குத்தான மலைகளின் மறுபக்கத்தை ரேடார் பார்க்க முடியாததால் இமயமலைப் பகுதியில் ஓட்டைகள் விழுந்தன. பழைய நில வரைபடங்களைப் பார்த்து அந்த ஓட்டைகளை நிரப்பிய டேட்டா, வியூபைண்டர் பனோரமாஸ் என்ற தளத்தில் கிடைக்கிறது. அடர்ந்த காடுகளில் ரேடார் தரையை அல்ல, மரங்களின் மேற்பகுதியை ஒட்டியே அளந்திருக்கும். ஒரு கட்டத்தை நீங்களே தயாரித்தால்தான் இவை புரியும். மேப் என்பது யாரோ அளந்தது, அளந்தவருக்கும் எட்டாத இடங்கள் உண்டு என்பது மனதில் பதியும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சர்வரிலிருந்து வரும் நிலம் நம்முடையது அல்ல. இணைப்பு அறுந்தால் அதன் தரம் குறைகிறது. நிறுவனம் மனம் மாறினால் என்ன ஆகும்? 2009 ஜனவரியில் மைக்ரோசாப்ட், பிளைட் சிமுலேட்டர் எக்ஸை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவையே மூடியது. ஆனால் அந்த கேம் சாகவில்லை. அதற்கு நிலம் தயாரிக்கும் வழிமுறையும் டூல்களும் பயனாளர்கள் கையில் இருந்தன. 2014ல் அது ஸ்டீம் தளத்தில் மறுபடி விற்பனைக்கே வந்தது. மாறாக, 2012 பிப்ரவரியில் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் கேமில் வெளியார் தயாரித்த நிலத்திற்கு இடம் தரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. பயனாளர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கும் கேம்தான் நீண்ட நாள் வாழும் என்பேன்.

தொடங்க விரும்புவோர் செலவில்லாமல் தொடங்கலாம். பிளைட்கியர் இலவச சிமுலேட்டர். அதற்கு நிலம் தயாரிக்க டெராகியர் என்ற டூல் உண்டு. எக்ஸ்-பிளேன் வைத்திருப்போர் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். ஒரே ஒரு கட்டத்துடன் ஆரம்பியுங்கள். படத்தின் ஜூம் அளவை ஒரு படி உயர்த்தினால் டேட்டா நான்கு மடங்காகும் என்பதால் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயரத்தைச் சரி செய்த பிறகே படத்திற்குப் போங்கள். தயாரித்ததைப் பிறருக்குத் தருவதாக இருந்தால் படங்களின் உரிமை விதிகளைப் படித்துவிடுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியம்தான் என்றாலும், அவற்றின் மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பகிரலாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் நடந்து பழகிய இடமே சிறந்தது. அங்கே ஏரிக்கரை எவ்வளவு உயரம், சாலை எங்கே வளைகிறது என்பது எந்த சர்வரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.