துருக்கியைப் பாராத துருக்கிப் படம்

பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் “துருக்கிக் குளியல்” என்றொரு படம் இருக்கின்றது. ஆங்க்ர் என்னும் பிரஞ்சுக்காரர் 1862-ல், தமது 82-வது வயதில் முடித்த அதில், நிர்வாண ஸ்திரீகள் ஒருவர்மீதொருவர் சாய்ந்தும் தழுவியும் கிடக்கின்றார்கள். கிழவரோ துருக்கி மண்ணை மிதித்தவரே அல்ல! அன்று துருக்கியர் ஆட்சியிலிருந்த சோபியா நகரில், 1717-ல் பெண்கள் குளிப்பிடத்தை நேரில் கண்ட மேரி மாண்டேகு என்ற ஆங்கில மாதின் கடிதமே அவருக்கு ஆதாரம்.

அந்த அம்மாள் எழுதினதென்ன? அங்கிருந்த சுமார் 200 பெண்களில் ஒருவரிடத்திலும் காமச் சிரிப்போ, அசங்கியச் சேஷ்டையோ இல்லை. சிலர் கைவேலை செய்தார்கள், சிலர் காப்பி குடித்தார்கள் என்பதுதான். நிர்வாணத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு யோக்கியதையைத் தள்ளிவிட்டதற்குப் பெயர் கலைக்கண்ணாம்!

அதே கடிதத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கின்றது. மாண்டேகு அம்மாள் உடம்பை இறுக்கிக் கட்டியிருந்த கச்சைப் பார்த்த அப்பெண்கள், புருஷன் அவரை அதற்குள் போட்டுப் பூட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டார்களாம். அந்தக் கச்சைக் கிழவர் வரையவில்லை.