தலையிடாமை என்னும் சௌகரியம்

தலையிடாமை ஓர் உயர்ந்த கொள்கை என்று நம் எழுத்தாளர்களில் சிலர் நம்ப ஆரம்பித்திருக்கிறார்கள். சமீபத்தில் வத்தல்மலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசியபோது, நண்பர் ஒருவர் இதைக் கட்டுரையாகவே வாசித்தார். அவருடைய வாதம் சுருக்கமானது. 1987-ல் இந்தியா இலங்கைக்குப் படை அனுப்பியது. சுமார் 1,200 வீரர்களைப் பலிகொடுத்துவிட்டு 1990-ல் திரும்பியது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் மீதி விலையையும் கொடுத்தது. ஆகவே ஒரு தேசம் தன் எல்லைக்குள் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே விவேகம். எழுத்தாளனுக்கும் அதே விவேகம் பொருந்தும். முடிவில், சுற்றிலும் இருந்த மலையைக் காட்டி, தனித்திருத்தலின் மாண்புக்கு வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டார். தோரோவையும் துணைக்கு அழைத்தார். பலர் தலையாட்டினார்கள்.

முதலில் சாட்சிகளை விசாரித்துவிடலாம். தோரோ வால்டன் குளக்கரையில் குடியிருந்த காலத்தில்தான், 1846-ல், வரி கொடுக்க மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். அடிமை முறையைக் காப்பாற்றிய, மெக்ஸிகோவின் மீது படையெடுத்த அரசுக்குத் தன் காசு போகக்கூடாது என்பது அவர் கட்சி. குடிசையில் ஒதுங்கியிருந்தவருக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது. இந்தப் பாதியை நம் நண்பர்கள் படிப்பதில்லை.

அடுத்த சாட்சி மலை. வத்தல்மலைக்கு நல்ல சாலை வந்தது அண்மையில்தான். அதனால் அது தனித்திருந்தது என்று அர்த்தமில்லை. அங்குள்ள மலையாளி மக்களின் மரபுக்கதையே முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. அங்கே விளையும் காபியின் விலை நியூயார்க், லண்டன் சந்தைகளின் போக்கைப் பொறுத்தது. மலைக்குள் வராமல் இருந்தது பஸ்ஸும் டாக்டரும்தான்; வியாபாரியும் வனத்துறையும் சாலைக்காகக் காத்திருக்கவில்லை. இதே மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20-ம் தேதி வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஒரு கிராமத்தையே சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வெளியாட்கள் போய்த் தலையிட்டு, வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியதால்தான் 2011-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அது அவர்கள் உள்விவகாரம் என்று எல்லோரும் விவேகமாக இருந்திருந்தால்? மலையைச் சாட்சிக்கு அழைப்பவர் மலையின் வாக்குமூலத்தை முழுசாகக் கேட்க வேண்டும்.

இனி தேசத்துக்கு வருவோம். இந்தியா எப்போது தலையிடாமல் இருந்தது? 1954-ல் பஞ்சசீலத்தில் பிறர் உள்விவகாரங்களில் தலையிடாமையை எழுதிவைத்தோம். 1956-ல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்த பின், படைகள் வெளியேற வேண்டும், சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்ற ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தோம். 1968-ல் செக்கோஸ்லோவாகியா விஷயத்திலும், 1980-ல் ஆப்கானிஸ்தான் விஷயத்திலும் நடுநிலை வகித்தோம். வலியவன் அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வலியவனுக்குச் செய்யும் ஒத்தாசை. அதற்குக் கொள்கை என்று பெயர் வைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம். மொழியைப் பற்றியாவது நமக்குக் கவலை இருக்க வேண்டும்.

இலங்கை விஷயத்தில் பாசாங்கு இன்னும் மோசம். 1948-ல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைக் கொழும்பு பறித்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. பேரேட்டில் பாக்கியை நேர் செய்வதைத் தினமும் பார்க்கிறவன். இவ்வளவு சுத்தமாக நேர் செய்யப்பட்ட கணக்கை நான் பார்த்ததில்லை. கணக்கில் ஏறியவர்களில் ஒருவரும் கேட்கப்படவில்லை. 1983-க்குப் பின் இளைஞர்களுக்கு ரகசியமாக ஆயுதப் பயிற்சி கொடுத்தோம். 1987 ஜூன் 4-ம் தேதி யாழ்ப்பாணத்தின் மீது விமானத்திலிருந்து உணவுப் பொட்டலம் போட்டோம். அதே அக்டோபரில் அதே யாழ்ப்பாணத்தின் மீது குண்டு போட்டோம். அந்த மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் கொல்லப்பட்டார்கள். 2009-ல், மே மாதப் படுகொலைகளின் ரத்தம் காய்வதற்கு முன், உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்று ஓதிய ஜெனீவாத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினோம். தலையிட்டபோதும் ஒதுங்கியபோதும் மாறாதிருந்தது ஒன்றே: பாதிக்கப்பட்டவனைக் கேட்காதது.

ஆகவே தலையிடலாமா கூடாதா என்ற கேள்வியே அசட்டுத்தனமானது. யார் கேட்டு, எதுவரை, யாருக்குப் பதில் சொல்லி என்பவைதான் கேள்விகள். 1971-ஐப் பாருங்கள். கிழக்கு வங்கத்தின் பொதுத் தொகுதிகள் 162-ல் 160-ஐ அவாமி லீக் வென்றிருந்தது. அந்த மக்கள் என்ன விரும்பினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு கோடி அகதிகள் நம் மண்ணில் இருந்தார்கள். டிசம்பரில் யுத்தம் முடிந்தது. மார்ச்சில் படை திரும்பியது. தில்லிக்கு அதில் சுயலாபம் இல்லையென்று சொல்ல நான் குழந்தை அல்ல. அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கையில் கிளர்ந்த சிங்கள இளைஞர்களை ஒடுக்கக் கப்பலும் ஹெலிகாப்டரும் கொடுத்ததும் அதே தில்லிதான். ஆனால் 1971 டிசம்பருக்கு ஒரு நியாயம் இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. 1987-க்கு இரண்டு அரசுகளின் கையெழுத்து மட்டுமே இருந்தது. யாருடைய வாழ்வு பற்றிய ஒப்பந்தமோ அவர்கள் அதில் ஒரு தரப்பே அல்ல. நண்பர் 1987-ன் தோல்வியிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் இது. அவர் கற்றது, கதவைச் சாத்திக்கொள்ள.

கதவைச் சாத்தினாலும் உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது? இலங்கைத் தமிழர் முகாம்கள் நம் மாநிலத்தில் நாற்பது வருஷமாக இருக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 ஜூலை 29. அதற்கு நாலு வாரம் முன்பு, ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி இங்கே முடிந்துபோயிற்று. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. கடல் தாண்டிப் போய்த் தமிழனின் உரிமைக்கு உத்தரவாதம் கொடுத்த அதே மாதத்தில், இங்கே முகாமில் பிறக்கப்போகும் குழந்தைக்குக் கதவு மூடியிருந்தது. 2019-ன் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளுக்குக் கதவைத் திறந்தது; இலங்கை அதில் இல்லை. 2021-ல் முகாம்களின் பெயர் மாறி, அகதி என்ற சொல் போய் மறுவாழ்வு வந்தது. நல்ல சொல். விண்ணப்பப் படிவத்தில் நாட்டினம் என்ற கட்டத்துக்கு எதிரே, இங்கேயே பிறந்து இங்கேயே படித்த ஒருவர் என்ன எழுதுவது என்று அந்தச் சொல் சொல்லித்தரவில்லை. இது அயல்விவகாரமா, உள்விவகாரமா?

எழுத்தாளனைப் பற்றிக் கடைசியாக. தமிழ்நாட்டில் ஈழம் பற்றி இரண்டு ஸ்தாயிகள்தான் உண்டு. ஒன்று மேடைக் கோஷம்; அது 1983-ல் படை அனுப்பு என்று கத்தியது, 1990-ல் திரும்பிய படையை வரவேற்க மறுத்தது, 1991-க்குப் பிறகு வாய் பொத்திக்கொண்டது. மற்றது நம்முடையது: கோஷத்தின் பாமரத்தனத்தைப் பார்த்து முகம் சுளித்து, அந்தச் சுளிப்பையே பிரக்ஞை என்று எண்ணிக்கொள்வது. கோஷம் பொய் என்பதால் மௌனம் உண்மையாகிவிடாது. எழுத்தாளன் கொடி பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு மலையைக் காட்டி அது தனித்திருக்கிறது என்று சொல்லும்போது, அந்த மலையில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.